பாய்க்கப்பல் கிடந்த ஏரி

அந்த ஊருக்கு நாங்கள் ஏரியைப் பார்க்கப் போகவில்லை; விசாவுக்காகப் போனோம். மெல்பேர்னுக்கு வெளியே, பிராந்தியப் பகுதி என்று அரசாங்கம் குறித்துவைத்த ஏதாவது ஓர் இடத்தில் மூன்று வருடம் இருந்து வேலை செய்தால் நிரந்தர வதிவிடத்துக்கு, எங்கள் பேச்சில் பிஆருக்கு, விண்ணப்பிக்கலாம். நான் தாதி. மெல்பேர்னில் படித்து முடித்த கையோடு, கிழக்கே பல மணி நேரம் கார் ஓடிப் போகவேண்டிய ஓர் ஏரிக்கரை ஊரின் சின்ன மருத்துவமனையில் வேலை கிடைத்தது. விசாவில் முதல் பெயர் என்னுடையது. அதற்குக் கீழே, துணைவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர் இருந்தது.

அவர் தூத்துக்குடிக்காரர். மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவர், மெல்பேர்னுக்கு மேற்படிப்புக்கு வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். மெல்பேர்னின் கேரம் டவுன்ஸ் கோயிலில் மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, "சாம்பார் தீர்ந்துடுமோ?" என்று அவர் கேட்டதுதான் எங்களுக்கிடையிலான முதல் பேச்சு. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அந்த ஏரிக்கரை ஊருக்குப் போய்விட்டோம்.

எனக்கு ஊர் பிடிக்கவில்லை. ஊரின்மேல் பிழை இல்லை. மூன்று வருடம் கழித்துப் போய்விடப் போகிற இடம் என்ற எண்ணத்தோடு எந்த ஊருக்குப் போனாலும் அது பிடிக்காமல்தான் போகும். வாடகை வீட்டின் குசினியில் ஒரு சோடிப் பாத்திரங்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றப் பெட்டிகளை ஒட்டுநாடாகூடப் பிரிக்காமல் பின்அறையில் அடுக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் நேரே மெல்பேர்ன். கறித்தூள், முருங்கைக்காய், சிநேகிதிகள், கோயில். ஞாயிறு இரவு திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் எனக்கு மூச்சு முட்டும். சிட்னி நார்த்மீட்டில் இருக்கிற அக்கா ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் கேட்பாள்: "இன்னும் எவ்வளவு காலமடி?" நானும் ஒவ்வொரு முறையும் மாதங்களை எண்ணிச் சொல்வேன்.

அவருக்கு வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் உள்ளூர் அனுபவம் கேட்டார்கள். உள்ளூரில் வேலை தராமல் உள்ளூர் அனுபவம் எங்கேயிருந்து வரும் என்று முதல் சில மாதங்கள் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சொல்லவில்லை. காலையில் எனக்குத் தேநீர் போட்டுத் தருவார். மாலையில் நான் வரும்போது சமையல் முடிந்திருக்கும், என் சீருடை அயர்ன் பண்ணித் தொங்கும். இடைப்பட்ட நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. எனக்குக் கால் வலிக்கும், பசிக்கும், தூக்கம் வரும்.

ஏரியில் படகு இறக்குகிற இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. இரண்டு பாய்மரம் வைத்த சின்ன மரக்கப்பல் ஒன்று, நூறு வருடங்களுக்கும் மேலாக அந்த ஏரியில் கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ரயிலும் நல்ல சாலையும் வராத காலத்தில் அந்தக் கரைகளுக்கெல்லாம் சாமான் ஏற்றி இறக்கியது அதுதான். சோளம், மரப்பட்டை, அறுத்த பலகை. ஒரு நாள் பலகை ஏற்றிக்கொண்டு வரும்போது காற்று அடித்து, கரைக்கு மிகப் பக்கத்தில் மண்திட்டில் ஏறி உடைந்து அமிழ்ந்துவிட்டது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். கடைசியில், சிவப்பு எழுத்தில், இந்தச் சிதைவைத் தொடுவதும் சேதப்படுத்துவதும் சட்டப்படி குற்றம் என்று இருந்தது.

நான் அதை ஒரு முறை வாசித்துவிட்டு மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பழைய செம்மஞ்சள் கயாக் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து வாங்கினார். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள், ஐம்பது வயது தாண்டியவள், தனியாக இருந்தாள், அலுமினியப் படகு ஒன்று வைத்திருந்தாள். கயாக்கைச் சின்னத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போய் ஏரியில் இறக்குவார். ஏரிக்குள் நீண்டிருக்கிற மண்முனைக்கு அப்பால், தண்ணீர் இறங்கிய நாட்களில், விலா எலும்புபோல வளைந்த கப்பல் கட்டைகள் வரிசையாக வெளியே தெரியும். அவர் அவற்றை வங்கு என்பார். அவருடைய அப்பா துறைமுகத்தில் கணக்கராக இருந்தவர்; தோணிக்காரர்களின் சொற்கள் சில வீட்டில் புழங்கியிருக்கின்றன.

"இன்னைக்கு பதினோரு வங்கு தெரிஞ்சுது," என்று சோறு போடும்போது சொல்வார்.

"ம்."

"அந்தப் பக்கம் ஏரா கட்டை, அதான் கப்பலோட அடிமரம், முழுசா இருக்கும்னு நினைக்கிறேன். மண்ணுக்குள்ள போயிருக்கு. கரைக்கு இவ்வளவு பக்கத்துல வந்து எப்படிம்மா ஏறுச்சு? பாயை இறக்கியிருந்தா தப்பிச்சிருக்கும்ல?"

"உங்களுக்கு வேற வேலை இல்லையே," என்று சொல்லிவிட்டேன் ஒரு நாள். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அது நடந்தது நவம்பரில். காலையிலிருந்து வடக்குக் காற்று அனலாக வீசியது. மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர் வரும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். அங்கே காற்று மாறுவது என்றால் கதவு திறந்ததுபோல மாறும். ஒரு நிமிடம் வியர்க்கும், அடுத்த நிமிடம் கம்பளிச் சட்டை தேடவேண்டும். அன்றைக்கு அது சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நான் காலை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது கார் நிறுத்துமிடத்து மரங்கள் எல்லாம் இலையின் அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வெள்ளையாக நின்றன. குப்பைத்தொட்டி ஒன்று தானாக உருண்டு போனது. போனைப் பார்த்தேன். "ஏரிக்குப் போயிட்டு வர்றேன்," என்று மதியம் அவர் அனுப்பிய செய்தி. அவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

வீட்டில் கதவு பூட்டியிருந்தது. மேசையில் சோறும் கறியும் மூடி வைத்திருந்தன. கை வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது. படகு இறக்குமிடத்துக்குப் போனேன். தள்ளுவண்டி கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியபடி நின்றது. ஏரியைப் பார்த்தேன். தினமும் தட்டையாகக் கிடக்கிற தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை எறிந்துகொண்டிருந்தது. ஏரியில் அலை வரும் என்றே நான் அதுவரைக்கும் நினைத்ததில்லை.

அவசர எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் பேசினாள். என் கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். நீளமான பெயர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆங்கிலச் சொல் சொல்லி விளக்கவேண்டும். காற்று பாதியை அடித்துக்கொண்டு போனது. மறுபடி சொன்னேன். மறுபடியும் சொன்னேன். ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கத்த வாய்வரை வந்தது. வேலையில் நானும் இப்படித்தான் நோயாளிகளின் ஆட்களிடம் கேட்கிறேன் என்ற நினைப்பும் கூடவே வந்து, அடக்கிக்கொண்டேன். தன்னார்வ மீட்புப் படகு மறுகரையிலிருந்து வரவேண்டும், காத்திருங்கள் என்றாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமையாக வந்த பக்கத்து வீட்டுக்காரியின் பஸ் அந்த நேரம் சாலையில் திரும்பியது. என்னைக் கண்டதும் நிறுத்தி இறங்கினாள். தண்ணீரை ஒரு தரம் பார்த்தாள், தள்ளுவண்டியைப் பார்த்தாள்.

"கப்பலுக்கா போயிருக்கார்?"

"தெரியாது. அங்கேதான் போயிருப்பார். உங்கள் படகை எடுங்கள், போவோம்."

"இந்தக் காற்றில் என் படகை இறக்கினால் மீட்புக்காரர்கள் மூன்று பேரைத் தேடவேண்டி வரும்," என்றாள். "ஏறு. மண்முனைக்குக் கார்ப் பாதை இருக்கிறது. அங்கேயிருந்து கப்பல் தெரியும்."

என் காரை அவள்தான் ஓட்டினாள். புதர்ப் பற்றைகளுக்கு நடுவே மணல் பாதை. குழிகளில் கார் விழுந்து எழும்பும்போதெல்லாம் நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேகமாக, வேகமாக என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிறகு அவள்தான் அதைச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்றும் கேட்டாள்.

பாதை முடிகிற இடத்தில் கோரைப்புல். அதற்குள் கயாக் கவிழ்ந்து கிடந்தது. செம்மஞ்சள் அடிப்பக்கம் மேலே. துடுப்பு இல்லை. ஆள் இல்லை.

அவள் தண்ணீருக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கிப்போய், கயாக்கை நிமிர்த்தி, உள்ளே பார்த்து, கரைக்கு இழுத்துப் போட்டாள். "காற்று இதைத் தனியாகக் கொண்டுவந்திருக்கிறது," என்றாள். "இது மட்டும் வந்திருந்தால் அவர் வேறெங்கோ ஏறியிருக்கிறார் என்று அர்த்தம்." அவள் அதை நம்பித்தான் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கோரைப்புல்லுக்கும் காருக்கும் இடையில் நடந்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து சளக் சளக் என்றது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவராக்கும் என்று பாய்ந்து எடுத்தேன். அக்கா.

"எடியே, அந்த மீன் சொதிக்கு நீ வெந்தயம் முதலே போடுறனியோ, கடைசியிலயோ?"

"முதலே போடு."

"என்ன, காத்துச் சத்தமாக் கிடக்கு. வெளியிலயோ நிக்கிறாய்?"

"ஓம், வெளியிலதான். பிறகு எடுக்கிறன் அக்கா."

"சரி சரி. அவர் சுகமோ?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது? சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்போல இருந்தது. 

மண்முனையிலிருந்து பார்த்தால் கப்பலின் கட்டைகள் தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் அல்லவா, முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நுரை எழும்பி விழும்போது இடையிடையே கறுப்பாகச் சில முனைகள் வந்து போயின. அவற்றின்மேல் எப்போதும் நீர்க்காகங்கள் உட்கார்ந்து இறக்கை காயவைக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று ஒரு பறவையும் இல்லை. ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிடப் பருமனாக இருந்தது. அலை விழுந்தபோது அதற்குத் தலை இருந்தது.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். நான் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அவர் எப்போதும் கேலி செய்வார். "இஞ்சாருங்கோ!" காற்று என் முகத்துக்கு நேரே அடித்தது; குரல் எனக்குப் பின்னால்தான் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். அதைக் கண்டிருக்கவேண்டும். ஒரு கை மேலே எழுந்தது. ஒரு கை மட்டும்.

மீட்புப் படகு வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தலை அலைக்குள் மறையும்போது நானும் மூச்சைப் பிடித்தேன், வெளியே வரும்போது விட்டேன். தண்ணீரின் குளிரும் ஆளின் எடையும் உடைகளும் என்று என் மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. படித்தது எல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எதிரியாக நின்றது. என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்று எனக்குத் தெரியும்: முதலில் நடுக்கம், பிறகு நடுக்கம் நிற்கும், நிற்பதுதான் கெட்டது.

படகு வந்தும் பக்கத்தில் போகவில்லை. தண்ணீருக்குள்ளே மறைந்திருக்கிற கட்டைகள் படகின் அடியைக் கிழித்துவிடும். சற்றுத் தள்ளி நின்று கயிறு எறிந்தார்கள். கயிறு அவருக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் கட்டையை விடவில்லை. மறுபடி எறிந்தார்கள். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. இரண்டு கையாலும் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்கோ! அதை விடுங்கோ!" என்று நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறேன், எனக்கு நீந்தத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பின்னாலிருந்து என் இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு பெரிய அலை வந்தது. அது போன பிறகு அவரையும் காணவில்லை, அந்தக் கட்டையையும் காணவில்லை. ஒரு கணம்தான். கயிறு இறுகியது. படகில் இரண்டு பேர் குனிந்து இழுத்தார்கள். அவருடைய கருநீல லைஃப் ஜாக்கெட் படகின் விளிம்பில் ஏறி உள்ளே விழுந்தது.

ஆம்புலன்ஸ் அவரை நான் சற்று முன்னர் வேலை முடித்து வந்த அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனது. காலையில் நானே விரிப்பு மாற்றிய கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்து, "இன்றைக்கு நீ மனைவி, அவ்வளவுதான்," என்றார்கள். நான் உட்காரவில்லை. வெப்பமூட்டும் போர்வையைச் சரி செய்தேன், சேலைன் ஓடுகிறதா என்று பார்த்தேன், வெப்பமானியை இரண்டு தரம் வைத்தேன். உதட்டில் நீலம் குறைந்து பேச்சு வந்தது.

என்னைக் கிட்ட வரச்சொல்லிச் சைகை காட்டினார். குனிந்தேன்.

"ஒரு வங்கு ஒடிஞ்சு போச்சும்மா," என்றார்.

"என்ன?"

"கப்பல்ல. நான் பிடிச்சிருந்தது. ஒடிஞ்சிடுச்சு. போர்டுல போட்டிருக்கில்ல, சட்டப்படி குத்தம்னு. நம்ம பிஆர்க்கு ஏதாவது ஆகுமா?"

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது? செத்துப் பிழைத்து வந்த மனுசன் கேட்கிற கேள்வியா? ஆனால் அடுத்த நிமிடமே அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. அதைத்தான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. குணநலன் சோதனை, காவல்துறைச் சான்றிதழ், விண்ணப்பப் படிவத்தில் குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று கேட்கிற அந்தக் கட்டம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. உள்ளூர்ப் பேப்பரில் இரண்டு வரிச் செய்தி வந்தது. வீட்டுக்கு முன்னால் எந்தக் கார் நின்றாலும் நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

"போர்டு வச்ச ஆபீசுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்," என்றார் அவர்.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. விசா வரட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஒருத்தரும் பாக்கலேன்னாலும் எனக்குத் தெரியும்ல."

"உங்களுக்கு அந்த மரக்கட்டைதான் பெரிசு. நான் அந்தக் கரையில நிண்டது தெரியுமோ உங்களுக்கு? காத்து மாறுமெண்டு வானிலையில சொன்னவங்கள்தானே? ஏன் நேரத்தோட திரும்பி வரேல்ல? காணேல்லயோ?"

குசினியில் நின்று கேட்டேன். அவர் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பாத்தேன்," என்றார்.

"என்னத்தை?"

"காத்து வர்றதைப் பாத்தேன். தெற்கு பக்கம் தண்ணி கருப்பாச்சு. நல்லா நேரம் இருந்துச்சு. கிளம்பியிருந்தா வந்து சேர்ந்திருப்பேன்."

"பிறகு?"

"கிளம்ப மனசு வரல." தட்டை அடுக்கில் வைத்தார். அடுத்த தட்டை எடுத்தார். "வீட்டுக்கு வந்து என்ன பண்றது? சோறு ஆக்கியாச்சு. துணி மடிச்சாச்சு. நீ வர நேரம் இருக்கு. அங்க உக்காந்திருந்தா, இது எப்படி ஏறுச்சு, எப்படி உடைஞ்சுதுன்னு யோசிச்சிட்டாவது இருப்பேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு இருந்துட்டேன். சாகணும்னு எல்லாம் நினைக்கலம்மா. அப்படிப் பாக்காத. திரும்பி வரத் தோணல, அவ்வளவுதான்."

நான் வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்தேன். மறுபடி சுற்றினேன். தோட்டக்குழாய், துணிக்கொடி, குப்பைத்தொட்டி, மறுபடி தோட்டக்குழாய். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நான் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு பிற்பகலையும் எப்படித் தாண்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்.

உள்ளே வந்து, "நாளைக்கு அவையளுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ," என்றேன். "நானும் பக்கத்தில இருக்கிறன்."

பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். இளவயது, காலில் நீரில் இறங்குகிறவர்கள் போடும் நீளச் சப்பாத்து. இடத்தைக் காட்டச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் படகில் நாங்கள் நான்கு பேரும் போனோம். அன்று ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. இதிலா அவ்வளவும் நடந்தது என்று நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அதிகாரி அடிப்பக்கம் கண்ணாடி பொருத்திய ஒரு வாளியைத் தண்ணீரில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னிடம் தந்தாள்.

நான் எதிர்பார்த்தது ஒரு கப்பல். கண்டது மண்ணும் பாசியும், அதற்குள் புதைந்த கட்டைகளும். கொஞ்ச நேரம் கண் பழகிய பிறகுதான் நடுவே பலகைகள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ இன்று காலை அடுக்கிவிட்டுப் போனதுபோல. கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்க்காமலே, அடுக்குக் குலையாமல் இத்தனை காலம். எனக்கு எங்கள் பின்அறைப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. வாளியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒடிந்த துண்டைக் கரைக் கோரையில் தேடி எடுத்துவைத்திருந்தார் அவர். அதிகாரி அதைத் திருப்பி, ஒடிந்த முனையைக் காட்டினாள். உள்ளே தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஏரியைக் கடலோடு வெட்டி இணைத்ததிலிருந்து உப்புத் தண்ணீரோடு மரம் அரிக்கிற புழுவும் உள்ளே வந்துவிட்டது என்றாள். "இது வருகிற குளிர்காலத்தில் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் அதற்கடுத்த குளிர்காலத்தில்." பிறகு அவரைப் பார்த்தாள். "சில வருடங்களுக்கு ஒரு தடவை யாராவது இதைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்புகிறார்கள். அதை நாங்கள் சேதம் என்று எழுதுவதில்லை."

அவர் தலையை ஆட்டினார். ஏன் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து மோதியது என்று அவளிடம் கேட்டார். அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் படகில் குனிந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, தெர்மோஸைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

அந்த வாரமே பெட்டிகளைப் பிரித்தேன். இட்லிச் சட்டி, நல்ல கோப்பைகள், அம்மா தந்த குத்துவிளக்கு, எல்லாம் வெளியே வந்தன. அவர் பக்கத்து ஊர்ப் பால் தொழிற்சாலையில் இயந்திரம் கழுவுகிற வேலைக்குப் போனார். படித்த படிப்புக்கு அது வேலையா என்று அக்கா கேட்டாள். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. விடிய எழும்பிப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. சில மாதங்களில் பழுதுபார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு வெள்ளியும் மெல்பேர்னுக்கு ஓடுவதை நிறுத்தினோம். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரி வருவாள். அவளுக்கு இடியப்பம் பிடித்துவிட்டது, தேங்காய்ப்பால் சொதிதான் உறைப்பு என்றாள்.

கடைசியில் நிரந்தர வதிவிடம் வந்தது. ஒரு மின்னஞ்சல். நான் கத்துவேன், அழுவேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "என்ன பண்ணலாம்?" என்றார். போகத்தான் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். இப்போது அவரிடம் உள்ளூர் அனுபவம் இருந்தது. மெல்பேர்னின் தென்கிழக்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியியலாளராக எடுத்துக்கொண்டார்கள். கேரம் டவுன்ஸில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு பார்த்தோம். எனக்குப் புதிய மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருந்தது, தொடங்குவதற்குத்தான் சில வாரங்கள் இருந்தன.

ஓய்வு என்று நினைத்தேன். முதல் நாள் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். இரண்டாம் நாள் கோயிலுக்குப் போய் வந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள், மதியத்துக்கே சமையல் முடிந்துவிட்டது. துணியும் மடித்தாகிவிட்டது. சிநேகிதிகள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதிரையில் உட்கார்ந்தேன், எழும்பினேன், யன்னலுக்குப் போனேன், மறுபடி உட்கார்ந்தேன். தெருவில் ஒரு கார்கூடப் போகவில்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பட்டம் விடுகிறவர்களும் நாய்களும். ஈர மணலில் ஒரு திசையில் நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்தேன். போன் அடித்தது.

"வீட்டுக்கு அடிச்சேன், எடுக்கல. எங்கம்மா இருக்க?"

"கடற்கரையில."

"என்ன, திடீர்னு?"

"சும்மா. வீட்டில இருக்க ஏலாமக் கிடந்தது."

தொழிற்சாலையின் இரைச்சல் கேட்டது, யாரோ அவரைக் கூப்பிடுவதும் கேட்டது. "அங்கயே இரு," என்றார். "இன்னைக்கு சீக்கிரம் கிளம்புறேன். நானும் வர்றேன்."

"சரி," என்றேன். தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, காய்ந்த மணலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.